மீசைய தொடாம முகம் வெட்டித் தர்ற கடை: நங்கநல்லூர் நாய் க்ரூமிங் ரிவ்யூ

ஷிட்ஸூ, லாசா, பூடில்னு முகம் பூரா முடி வளர்ற நாய் வச்சிருக்கீங்கன்னா இந்த கடைக்கு ஒரு தடவ போய் பாருங்க. குளிப்பாட்டுறது, நகம் வெட்டுறது, காது க்ளீன் பண்றதெல்லாம் சென்னைல எங்க போனாலும் ஓரளவு நல்லாவே பண்ணிடுறாங்க, அதுக்காக நான் இவ்ளோ பெருசா எழுத மாட்டேன். நான் எழுதுறது மீசைக்காக, அதாவது நாய் மூஞ்சில வெறப்பா நீட்டிக்கிட்டு இருக்க தடி முடிக்காக. நாயோட மீசைய கேக்காம வெட்டக்கூடாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்க க்ரூமர் கெடைக்கிறது கஷ்டமா இருக்கு, இங்க கெடச்சாங்க.

உள்ள போனதும் முதல்ல ஊசி போட்ட புக்க கேக்குறாங்க, ரேபிஸ் ஊசி தேதி தாண்டிடுச்சுன்னா நாய எடுத்துக்க மாட்டாங்க, கார்ப்பரேஷன் லைசென்ஸ் எடுத்தாச்சா, மைக்ரோசிப் போட்டாச்சான்னும் விசாரிக்கிறாங்க. அப்புறம் தோல்ல ஏதாவது பிரச்சனையா, உண்ணிக்கு மருந்து எப்ப போட்டீங்க, கடிக்கிற பழக்கம் உண்டா, பட்டாசு சத்தம் மிக்சி சத்தத்துக்கு பயப்படுமா, இதெல்லாம் ஒண்ணு ஒண்ணா கேட்டு எழுதிக்கிறாங்க. கடைசியா அங்க முடி வெட்டுற பையன் கேட்டது இதான்: "அக்கா, மீசைய அப்பிடியே விட்டுடவா? நாங்க பொதுவா தொட மாட்டோம், ஓனர் கேட்டா மட்டும் தான் எடுப்போம், அதுவும் ஏன் வேணாம்னு ஒரு தடவ சொல்லிட்டு தான்." எனக்கு அங்கயே மனசு நெறஞ்சு போச்சு.

ஏன் இதுக்கு இவ்ளோ முக்கியம் குடுக்குறேன்னா எங்க சீனுவுக்கு வயசு ஒன்பது ஆகுது, ஷிட்ஸூ, இடது கண்ணுல புரை நல்லாவே வந்துடுச்சு, வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில தான் காட்டுறோம் (1903லேந்து இருக்க காலேஜ் அது, காலைல சீக்கிரம் போனா தான் டோக்கன் வாங்கி வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்கு வர முடியும்). அங்க கண்ண பாத்த டாக்டரம்மா மருந்தெல்லாம் எழுதிக் குடுத்துட்டு, வீட்ல சாமான இடம் மாத்தாதீங்க, தண்ணி கிண்ணத்த எப்பவும் ஒரே எடத்துல வைங்க, முடி வெட்டும்போது மீசைய மட்டும் விட சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

அதுக்கப்புறம் தான் இத பத்தி நெறைய தேடிப் படிச்சேன், தெரிஞ்சவங்க கிட்டயும் கேட்டேன். நம்ம நெனைக்கிற மாதிரி அது வெறும் முடி கெடையாது. சாதா முடிய விட தடியா, வெறப்பா இருக்கும், வேர் சாதா முடிய விட ரொம்ப ஆழமா போகும், அந்த வேர சுத்தி ரத்தம் நெறஞ்ச ஒரு பை மாதிரி இருக்கும், அதுக்குள்ள நரம்பு நுனி ஏகப்பட்டது இருக்கும். முடியோட நுனில லேசா ஏதாவது பட்டாலோ, காத்து அசைஞ்சாலோ கூட வேர் கிட்ட அது உணரும், முகத்துலேந்து தொடு உணர்ச்சிய கொண்டு போற நரம்பு வழியா மூளைக்கு போயிடும். மூக்குக்கு ரெண்டு பக்கம் மட்டும் தான் இருக்குன்னு நெனைக்காதீங்க, கண்ணுக்கு மேல புருவம் மாதிரி இருக்கு, கன்னத்துல இருக்கு, தாடைக்கு அடில இருக்கு. நாயால மூக்குக்கு ரொம்ப கிட்ட இருக்க பொருள தெளிவா பாக்க முடியாது, வாய்க்கு கீழ இருக்கறத பாக்கவே முடியாது, அந்த இடத்துல எல்லாம் மீசை தான் வேல செய்யுது. கரண்ட் போன வீட்ல கைய முன்னாடி நீட்டி சுவத்த தடவிட்டே சுவிட்ச் போர்டுக்கு போவோமே, அத தான் நாய் எல்லா நேரமும் மூஞ்சால பண்ணிக்கிட்டு இருக்கு. குட்டி பொறக்கும்போதே மீசையோட தான் பொறக்குது, கண்ணு தொறக்க ரெண்டு வாரம் கிட்ட ஆகும், அது வரைக்கும் அம்மா மடிய தேடி போறதுக்கு மோப்பமும் சூடும் தொடு உணர்ச்சியும் தான் துணை.

வீட்லயே செஞ்சு பாக்கலாம். நாய் சாதாரணமா உக்காந்திருக்கும்போது கண்ணுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்க அந்த ரெண்டு மூணு தடி முடிய பக்கவாட்டுலேந்து விரலால லேசா தொடுங்க, அந்த பக்கத்து கண்ண உடனே மூடும். செடி முள்ளு, தொடப்பக்குச்சி ஏதாவது கண்ண குத்த வந்தா கண்ணுல படறதுக்கு முன்னாடியே மூடிக்கிறதுக்கான ஏற்பாடு அது. ஷிட்ஸூவுக்கு மூக்கு சப்ப, கண்ணு வெளில தள்ளி இருக்கும், கருவிழில கீறல் புண்ணு எல்லாம் ரொம்ப சுலபமா வந்துடும், அப்பிடிப்பட்ட நாய்க்கு போய் புருவத்து மீசைய வெட்டி விடறது எனக்கு மனசு கேக்கவே இல்ல.

முன்னாடி வேற ஏரியால ஒரு எடத்துக்கு போயிட்டு இருந்தோம், பேரெல்லாம் வேணாம். அங்க கேள்வியே கெடையாது, "டெட்டி பேர் கட் தானே மேடம்"னு நாய வாங்கிட்டு போயிடுவாங்க, திரும்ப வரும்போது முகம் பந்து மாதிரி உருண்டையா, ஒரு மீசை கூட இல்லாம வரும். கண்ணு நல்லா இருந்த வரைக்கும் பெருசா வித்தியாசம் தெரியல. புரை வந்ததுக்கு அப்புறம் ஒரு தடவ அப்பிடி வெட்டிட்டு வந்தப்ப தான் கட்டிலுக்கு அடில போக தயங்குறது, தண்ணி கிண்ணத்து விளிம்புல மூக்க இடிச்சுக்கிறது, கதவு இடுக்கு கிட்ட போய் நின்னுட்டு நம்மள பாக்குறதுன்னு இருந்துச்சு. கண்ணு மங்குனதுக்கும் அதுல பங்கு உண்டு, ஆனா மீசை திரும்ப வளந்தப்ப கிண்ணத்துல இடிச்சுக்கிறது நின்னுடுச்சு, கண்ணு என்னவோ அப்பிடியே தான் இருந்துச்சு, அது எனக்கு போதும்.

வெட்டினா வலிக்குமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. வலிக்காது, முடிக்குள்ள நரம்பு கெடையாது, கத்திரி வச்சு வெட்டினா நம்ம தலமுடி வெட்டுற மாதிரி தான். பிடுங்கினா தான் வலி, அதுவும் சாதா வலி இல்ல, வேர்ல அவ்ளோ நரம்பு இருக்கே. வெட்டினாலும் சில வாரத்துல திரும்ப நீள ஆரம்பிச்சிடும், தானாவே ஒண்ணு ரெண்டு உதிர்ந்து புதுசு வரும், வீட்ல கூட்டும்போது ஒரு தடி மீசை கெடச்சா பதறாதீங்க. அதனால ஒரு தடவ தெரியாம வெட்டிட்டு வந்துட்டீங்கன்னா ஒண்ணும் ஆயிடாது, வளந்துடும், அது வரைக்கும் வீட்ல டேபிள் சேர நகத்தாம இருங்க. பூனை அளவுக்கு நாய் மீசைய நம்பி வாழல, அதுவும் உண்மை தான், மோப்பம் இருக்கு, காது இருக்கு. இளசான, கண்ணு நல்லா இருக்க நாய் மீசை இல்லாமயும் ஓடி ஆடிட்டு தான் இருக்கும். ஆனா அழகுங்கிற ஒரே காரணத்துக்காக அதோட ஒரு புலன எதுக்கு எடுக்கணும்னு தான் கேக்குறேன். அதால நம்ம கிட்ட வேணாம்னு சொல்ல முடியாதுல்ல.

எங்க வீட்லயே இதுக்கு ஒத்துக்க வைக்க வேண்டியிருந்துச்சு. என் வீட்டுக்காரருக்கு முகம் நீட்டா இருக்கணும். அத்தைக்கு வேற கவலை, தயிர் சாதம் சாப்பிட்டுட்டு மீசைல ஒட்டிக்கிட்டு வந்து சோஃபால தேய்க்குதுன்னு. "கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசையாம், இவனுக்கு ரெண்டும் வேணுமா"ன்னு கேட்டாங்க. அத்தை, ஒட்டுறது மீசைல இல்ல, வாய சுத்தி இருக்க பொசுபொசு முடில, அத குட்டையா வெட்டினா போதும், மீசைல சோறு நிக்கவே நிக்காதுன்னு சொன்னேன், இங்க வெட்டிட்டு வந்ததுக்கு அப்புறம் அவங்களே பாத்துட்டு சரின்னுட்டாங்க. இப்ப சாப்பிட்டு முடிச்சதும் ஈரத்துணில வாய தொடச்சு விடறது அவங்க தான்.

கடைல காத்திருக்கும்போது பூடில் வச்சிருக்க ஒரு மாமா வந்தாரு, டாக் ஷோவுக்கு ரெடி பண்ணணும், முகத்த மழிச்சே ஆகணும்னாரு. பூடிலுக்கு ஷோல முகம் மழிக்கிறது தான் வழக்கம், மழிச்சா மீசையும் சேந்து தான் போகும். அந்த பையன் மறுக்கல, ஆனா பொறுமையா விளக்கினான், ஷோ இல்லாத மாசத்துல மிஷின் போடாம கத்திரில விட்டுடலாம் சார்னு சொன்னான், அவரும் யோசிக்கிறேன்னாரு. எனக்கு அப்ப ஞாபகம் வந்தது குதிரை விஷயம். குதிரைக்கும் போட்டிக்கு முன்னாடி அழகுக்காக மூக்க சுத்தி இருக்க மீசைய மழிக்கிற பழக்கம் ரொம்ப காலமா இருந்துச்சு, சர்வதேச குதிரையேற்ற சம்மேளனம் 2021 ஜூலை 1லேந்து அத நிறுத்திட்டாங்க, மீசைய வெட்டின குதிரை அவங்க போட்டில கலந்துக்க முடியாது, வைத்தியத்துக்காக வெட்டியிருந்தா மட்டும் தான் விலக்கு. குதிரைக்கு புரிஞ்சுக்கிட்டத நாய்க்கும் புரிஞ்சுக்க ரொம்ப நாள் ஆகக்கூடாது.

சரி, இவங்க எப்பிடி பண்றாங்கன்னு சொல்றேன், கண்ணாடி வழியா முழுசா பாக்க விடறாங்க, அது எனக்கு பெரிய ப்ளஸ். ஓனர் மழிக்க சொன்னா தவிர முகத்துக்கு மிஷினே போடறதில்ல. மொதல்ல சீப்பால முகத்து முடிய ஒரு பக்கமா சீவி, வெறப்பா நிக்கிற மீசைய தனியா பிரிக்கிறாங்க. சாதா முடி சீப்போட வளைஞ்சு போகும், மீசை வளையாம திரும்ப நிமிந்து நிக்கும், அதுல கண்டுபிடிச்சிடலாம்னு அந்த பையன் காமிச்சான். பெருவிரலால மீசைய மூக்கு பக்கமா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, வளைஞ்ச கத்திரி, நுனி மொட்டையா இருக்கும், அத வச்சு சுத்தி இருக்க முடிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்குறான். மூக்குத் தண்டு மேலேந்து கண்ணு பக்கம் வளர்ற முடிய கண்டிப்பா வெட்டிடுறாங்க, அத வெட்டி தான் ஆகணும், இல்லன்னா அதுவே கண்ணுல குத்தி தண்ணி வடிஞ்சு புண்ணாயிடும். மீசைய காப்பாத்துறேன்னு முகத்து முடி எதையுமே தொடாதீங்கன்னு சொல்றதும் தப்பு, ஷிட்ஸூவுக்கு அது கெடுதல். எது மீசை எது முடின்னு பிரிச்சு பாத்து வெட்டுறது தான் இங்க வேலையே, அதுக்கு நேரம் புடிக்கும், முகத்துக்கு மட்டும் அரை மணி நேரம் கிட்ட ஆகுது. சீனு நடுவுல தலைய ஆட்டினா கத்திரிய எடுத்துடுறாங்க, தாடைய இறுக்கி பிடிக்கிறதெல்லாம் இல்ல, தாடைக்கு அடில சும்மா கைய குடுத்து தாங்குறாங்க, அவன் அடங்கினதும் திரும்ப ஆரம்பிக்கிறாங்க.

வெட்டி முடிச்சா உருண்ட முகத்துலேந்து அங்கங்க நாலஞ்சு கம்பி நீட்டிக்கிட்டு இருக்க மாதிரி தெரியும், போட்டோல பாத்தா கொஞ்சம் வித்தியாசமா தான் இருக்கும். எனக்கு அது ரொம்ப பிடிச்சிருக்கு, நாய் மூஞ்சி நாய் மூஞ்சி மாதிரி இருக்கு.

இன்னொரு விஷயத்த கண்டிப்பா சொல்லணும். கன்னத்துல, தாடைக்கு அடில மீசை மொளைக்கிற எடத்துல சின்ன மரு மாதிரி ஒரு மேடு இருக்கும். நெறைய பேர் அத உண்ணின்னு நெனச்சு கிள்ளி எடுக்க பாக்குறாங்க, பாவம் அந்த நாய். சென்னைல வருஷம் பூரா உண்ணி தொல்ல இருக்கறதால கைல மேடா ஏதாவது தட்டுப்பட்டாலே நமக்கு உண்ணின்னு தான் தோணும். முடிய விலக்கி வெளிச்சத்துல பாருங்க, மேட்டு நடுவுலேந்து தடி முடி வந்தா அது மீசை வேர், விட்டுடுங்க. உண்ணின்னா ஓரத்துல பொடி கால் தெரியும். இந்த கடைல உண்ணிய காது மடிப்பு, கால் விரல் இடுக்கு, வாலுக்கு அடின்னு எல்லா எடத்துலயும் தேடி, எடுத்தத ஒரு டப்பால போட்டு காமிச்சாங்க, டிக் ஃபீவர் வந்திருக்கான்னு ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கோங்க அக்கா, ரெண்டு மூணு நாள் சாப்பாடு எறங்கலன்னா தள்ளிப் போடாதீங்கன்னும் சொன்னாங்க.

குளியல் நல்லா இருந்துச்சு, வெதுவெதுப்பான தண்ணி, காதுல பஞ்சு வச்சாங்க, கண்ணுல ஷாம்பு போகாம முகத்த துணியால தான் தொடச்சாங்க. ட்ரையர் சூடு இல்லாம வெறும் காத்து தான் விடறாங்க, சப்ப மூக்கு நாய்க்கு சூட்டு காத்து ஆகவே ஆகாது, மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும், கூண்டுக்குள்ள அடச்சு ட்ரையர் போடற எடத்துக்கெல்லாம் தயவுசெஞ்சு சப்ப மூக்கு நாய கூட்டிட்டு போகாதீங்க. முகத்துக்கு ப்ளோவரே கெடையாது, துண்டு மட்டும் தான், மீசைல நேரா அவ்ளோ வேகமா காத்து அடிச்சா நாய் மூஞ்சிய திருப்பிக்கும், அதுவும் இவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. நகம் கருப்பா இருக்கறதால நுனி நுனியா வெட்டி ராவி விட்டாங்க, ரத்தம் வரல.

குறைன்னா ப்ளோவர் சத்தம் அதிகம். ரெண்டு நாய்க்கு ஒரே நேரத்துல போட்டாங்கன்னா சின்ன ரூம் அதிருது, சத்தத்துக்கு பயப்படற நாய்னா காலைல மொத ஆளா போயிடுங்க. இன்வெர்ட்டர் ஃபேனுக்கு மட்டும் தான், ஏசிக்கு இல்ல, கரண்ட் போச்சுன்னா அக்னி நட்சத்திர நேரத்துல அந்த ரூம்ல நாய வச்சிருக்கவே முடியாது, நாங்க போயிருந்தப்ப அப்பிடி கரண்ட் போச்சு, அன்னிக்கு அவங்களே வேலைய நிறுத்தி முன்னாடி வராண்டால உக்கார வச்சு தண்ணி குடுத்தாங்க, ஆனா ஜெனரேட்டர் ஒண்ணு போட்டே ஆகணும், நாய்ங்க உயிர் சம்பந்தப்பட்டது. சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கவும் மாட்டேங்குறாங்க, அதுவும் ஞாயித்துக்கிழம போனீங்கன்னா அரை நாள் போயிடும். வெளில பைக் நிறுத்தவே எடம் பத்தாது, கார்னா ரெண்டு தெரு தள்ளி தான். மழை பெஞ்சா அந்த தெருல தண்ணி நிக்கும், ஐப்பசி கார்த்திகைல போன் பண்ணி கேட்டுட்டு கெளம்புங்க.

விலை சின்ன நாய்க்கு குளியல், முழு முடி வெட்டு, நகம், காது எல்லாம் சேத்து 1,500 ரூபாய். சுத்துப்பட்டுல இத விட கம்மியா பண்றவங்க இருக்காங்க. முகத்த கைல வெட்டுறதுக்கு தனி காசு வாங்கல, அத நெனச்சா 1,500 நியாயமா தான் படுது. வெறும் குளியல்னா 700. நாட்டு நாய், சிப்பிப்பாறை, லேப் மாதிரி முகத்துல குட்ட முடி இருக்க நாய்க்கெல்லாம் முகத்துல வெட்ட ஒண்ணுமே இல்ல, குளியல் மட்டும் போதும், அவங்களே அத தான் சொல்லி அனுப்புறாங்க, தேவையில்லாம பேக்கேஜ் தலைல கட்டல. எங்க பக்கத்து வீட்டு நாட்டு நாய்க்கு "மீசை ட்ரிம்"னு தனியா நூறு ரூபா வாங்கின எடம் இருக்குன்னு கேள்விப்பட்டப்ப எனக்கு அவ்ளோ கோவம் வந்துச்சு, குட்ட முடி நாய்க்கு மீசைய வெட்ட என்ன அவசியம், யார் கேட்டா அத?

எப்ப தான் வெட்டலாம்னா டாக்டர் சொன்னா வெட்டலாம். உதட்டு மடிப்புல புண்ணு, தையல் போடணும், ஈ மொய்ச்சு புழு வச்சிடுச்சு, மருந்து தடவ எடம் வேணும், இந்த மாதிரி நேரத்துல சுத்தமா மழிக்கிறது தான் சரி, அப்ப மீசைய பாத்துட்டு நிக்கக்கூடாது. அதே மாதிரி முடி சிக்கு புடிச்சு மீசையும் அதுக்குள்ள மாட்டிக்கிட்டா சிக்கோட சேத்து வெட்டறது தான் நாய்க்கு சுகம், இழுத்து பிரிச்சா அந்த வேர் எல்லாத்தையும் இழுக்குற கணக்கு. மத்தபடி எந்த கடைக்கு போனாலும் நாய குடுக்குறதுக்கு முன்னாடியே "மீசையும் புருவ முடியும் தொடாதீங்க"ன்னு வாய் விட்டு சொல்லுங்க, சும்மா தலையாட்டினா பத்தாது, எழுதிக்க சொல்லுங்க, ஏன்னா வாங்குறவர் ஒருத்தர் வெட்டுறவர் ஒருத்தரா தான் பல எடத்துல இருக்கு.

நான் அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன், அந்த ஒண்ணு ஜெனரேட்டருக்காக கொறச்சது, போட்டாங்கன்னா மாத்திடுறேன். கடை முதல் மாடி, லிஃப்ட் இல்ல, படி கொஞ்சம் செங்குத்து, வயசான லேப், இடுப்பு வலி இருக்க நாயெல்லாம் ஏத்த முடியலன்னா கீழேந்து போன் பண்ணுங்க, ரெண்டு பேர் எறங்கி வந்து தூக்கிட்டு போறாங்க. முகம் வெட்டணும்னா அந்த பையன் இருக்க நாளா கேட்டு புக் பண்ணுங்க, செவ்வாய்க்கிழம அவனுக்கு லீவு.